ஜாகுவார் மகிழுந்து: அழகும் பழியும்

உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இம்மொழி மனிதருக்கு மட்டுமன்றி, மனிதர் கையால் செய்யப்படும் பொருள்களுக்கும் பொருந்தும். ஒரு பொருள் நற்பெயர் ஈட்டப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஈட்டிய பெயரை இழக்கச் சில ஆண்டுகளே போதும். இழந்த பெயரை மீட்கவோ ஒரு தலைமுறைக் காலமும் போதுவதில்லை. இங்கிலாந்தின் ஜாகுவார் மகிழுந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் புள்ளிச் சிறுத்தையின் பெயரைத் தாங்கிய இம்மகிழுந்தைக் காண்போர் அதன் வடிவழகைப் புகழாமல் இருப்பதில்லை. ஆனால், புகழ்ந்த அதே வாய் அடுத்த நொடியில், "பார்க்க அழகுதான், ஆனால் சாலையில் ஓடும் நாளைவிடப் பட்டறையில் நிற்கும் நாளே மிகுதி" என்றும் கூறும். இவ்விரண்டாம் கூற்று உலகின் பல நாடுகளிலும் பழமொழி போலவே வழங்கிவருகின்றது. அது மெய்யா? மெய்யெனில், எக்காலத்து மெய்?

ஒரு குற்றச்சாட்டைக் கேட்டவுடன் அதனை ஏற்பதும், வெறுத்துத் தள்ளுவதும் வரலாற்று நெறி ஆகா. குறை எக்காலத்தில் தோன்றியது, எவ்விடத்தில் பிறந்தது, அதனைத் திருத்த எவர் முயன்றனர், அம்முயற்சி என்ன பயன் தந்தது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். அவ்வினாக்களின் வழியே ஜாகுவாரின் கதையைக் காண்பது பயனுடையது.

அழகும் குறைந்த விலையும்

வில்லியம் லயன்ஸ் என்பார் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். அவர் தந்தையார் இசைக்கருவிகள் விற்கும் கடை வைத்திருந்தார். அண்டை வீட்டில் வாழ்ந்த வில்லியம் வாம்ஸ்லி என்பவர் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பொருத்தும் இருக்கை வண்டிகளை அழகுறச் செய்துவந்தார். அவற்றின் வடிவில் மனத்தைப் பறிகொடுத்த லயன்ஸ், தமக்கு 21 வயது நிறைந்த 1922-ஆம் ஆண்டில் அவரோடு கூட்டுச் சேர்ந்து 'ஸ்வாலோ' நிறுவனத்தைத் தொடங்கினார். 1927-இல் அந்நிறுவனம் ஆஸ்டின் செவன் என்னும் சிறு மகிழுந்துக்குப் புதிய உடற்கூடு செய்து விற்றது. 1928-இல் மகிழுந்துத் தொழிலின் இருப்பிடமாகிய கவெண்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்தது.

லயன்ஸ் பொறியாளராகப் பெயர்பெற்றவர் அல்லர். வரைபடம் வரைந்து வடிவமைப்பதும் அவர் வழக்கம் அன்று. முழு அளவில் தகட்டால் மாதிரி செய்யச்சொல்லி, அதனைச் சுற்றிச் சுற்றி வந்து, வளைவைக் கூட்டியும் குறைத்தும் தம் கண்ணாலேயே வடிவத்தை முடிவு செய்வார். அக்கண் தவறியது அரிது.

1935-ஆம் ஆண்டில் 'எஸ்.எஸ். ஜாகுவார்' என்னும் புதிய வண்டியை இலண்டனில் ஒரு விருந்தில் அறிமுகம் செய்தபோது, அதன் விலை என்னவாக இருக்கும் என்று விருந்தினரைக் கணிக்கச் சொன்னார் லயன்ஸ். அவர்கள் கூறிய விலைகளின் சராசரி 632 பவுன். உண்மை விலையோ அதைவிட மிகக் குறைவு! கூடியிருந்தோர் வியந்தனர்.

இந்நிகழ்ச்சி ஜாகுவாரின் வெற்றிக்கும் பின்னாளில் வந்த பழிக்கும் பொதுவான வேரைக் காட்டுகின்றது. செல்வர் வீட்டு வண்டியின் தோற்றத்தை நடுத்தர வருவாயினரும் எட்டக்கூடிய விலையில் தருவதே லயன்ஸின் வணிக நெறி. அந்நெறி வாங்குவோரை ஈர்த்தது. அதே வேளையில், "இவ்வளவு மலிவாக விற்கின்றாரே, எங்கோ ஒரு குறையை மறைத்திருக்கின்றார்" என்ற ஐயத்தையும் எழுப்பியது. ஆகவே, நம்பகமின்மை பற்றிய பேச்சு, குறைகள் வெளிப்படுவதற்கு முன்பே காதோடு காதாகத் தொடங்கிவிட்டது எனலாம்.

போர்க்கால இரவுகளில் பிறந்த இயந்திரம்

தொடக்கத்தில் அவ்வண்டிகளுக்குரிய இயந்திரங்களை ஸ்டாண்டர்ட் என்னும் வேறொரு நிறுவனமே வழங்கியது. பிறர் இயந்திரத்துக்கு அழகிய போர்வை தைப்பவர் என்னும் பேச்சை மாற்ற லயன்ஸ் விழைந்தார். வாய்ப்பு, எதிர்பாராத வகையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இரவில் செர்மானிய வானூர்திகள் கவெண்ட்ரி நகரைக் குண்டு வீசி எரித்தன. தொழிற்சாலைகள்மீது விழும் தீக்குண்டுகளை உடனே அணைப்பதற்காக ஊழியர்கள் முறை வைத்து இரவுக் காவல் இருந்தனர். லயன்ஸ் தம்முடைய தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோரைத் தம்மோடு ஒரே இரவில் காவலுக்கு அமர்த்திக்கொண்டார். குண்டு விழாத வேளைகளில் அவர்கள் போருக்குப் பின் செய்யவேண்டிய புதிய இயந்திரத்தைப் பற்றிக் கலந்து பேசினர். அப்பேச்சின் பயனே 'எக்ஸ்.கே.' இயந்திரம்.

போர் முடியும் தறுவாயில், 'எஸ்.எஸ்.' என்னும் எழுத்துகள் நாசிப் படையை நினைவூட்டியமையால் அவை கைவிடப்பட்டன. 1945-இல் நிறுவனத்தின் பெயரே ஜாகுவார் என்றாயிற்று. 1948-ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 என்னும் வண்டி புதிய இயந்திரத்தோடு வெளிவந்தது. அவ்வெண் மணிக்கு 120 மைல் வேகத்தைக் குறிப்பது. நம்ப மறுத்தோர் பலர். 1949-இல் பெல்ஜிய நாட்டின் ஜப்பெக்கே நெடுஞ்சாலையில் அது 132 மைல் வேகத்தைத் தாண்டி ஓடி அவர்தம் வாயை அடைத்தது.

வேகம் ஒன்று, உறுதி மற்றொன்று. உறுதிக்கும் சான்று உண்டு. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சின் மோன்லேரி ஓடுதளத்தில் எக்ஸ்.கே. 120 வண்டி ஒன்று ஏழு பகலும் ஏழு இரவும் ஓடியது. நால்வர் மாறி மாறி ஓட்டினர். இடையில் வில்தகடு ஒன்று முறிந்து மாற்றப்பட்டபோதிலும், ஏழு நாள் முடிவில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலுக்கு மேலாகவே இருந்தது. கடந்த தொலைவு 16,000 மைலுக்கும் மிகுதி. 24 மணி நேரம் இடைவிடாது நடக்கும் லெ மான் போட்டியிலும் ஜாகுவார் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வாகை சூடியது. அவ்வியந்திரமோ சிறு மாற்றங்களுடன் 1992 வரை செய்யப்பட்டது. பிரிட்டிஷ் படையின் ஸ்கார்ப்பியன் கவச வண்டியிலும் பொருத்தப்பட்டது. நம்பத்தகாத ஓர் இயந்திரத்தை எந்தப் படையும் போர்க்களத்துக்குக் கொண்டுசெல்லாது. எனவே, ஜாகுவாரின் குறை அதன் இதயத்தில் இருந்ததன்று என்பது தெளிவு.

பழியின் விதை

அவ்வாறாயின் குறை எங்கே இருந்தது?

பந்தய வண்டிக்கும் வாங்குவோர் வண்டிக்கும் வேறுபாடு உண்டு. பந்தய வண்டியைத் தேர்ந்த கைவினைஞர் பலர் சூழ்ந்து நின்று பேணுவர். பந்தயம் முடிந்ததும் பிரித்துச் செப்பனிடுவர். விற்கப்படும் வண்டியோ மழையிலும் வெயிலிலும் நெரிசலிலும் பல்லாண்டுகள் உழல வேண்டும். முன்னதில் வென்றவர் பின்னதிலும் வெல்வார் என்பதற்கு உறுதி இல்லை.

1961-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான இ-டைப் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வடிவழகில் அதற்கு நிகர் இல்லை என்று உலகம் வியந்தது. அதன் விலை அதே தரத்து ஆஸ்டன் மார்ட்டின் வண்டியின் விலையில் ஏறத்தாழப் பாதி. ஆனால் தொடக்க கால இ-டைப் வண்டிகளில் கியர் மாற்றுவது கடினம், இருக்கைகள் வசதியற்றவை, பிரேக்குகளைப் பற்றியும் முறையீடுகள் வந்தன. நகர நெரிசலில் நின்று நின்று செல்லும்போது இயந்திரம் சூடேறியது. 1964-இல் வந்த 4.2 லிட்டர் வண்டியில் புதிய கியர்ப் பெட்டி, நல்ல இருக்கைகள், திருத்தப்பட்ட பிரேக்குகள் முதலியன இடம்பெற்றன. முதல் மூன்று ஆண்டுகளில் வாங்கியோர், தாம் அறியாமலே சோதனை ஓட்டுநராய் இருந்தனர் என்று கூறினும் தவறாகாது.

லயன்ஸ் சிக்கனத்தில் பெயர்பெற்றவர். சிக்கனம் நற்பண்பே. எனினும், புதிய இயந்திரக் கருவிகளுக்கும் நீண்டநாள் சோதனைக்கும் செலவிடவேண்டிய பணத்தையும் சுருக்கினால், அச்சுருக்கம் வாங்குவோரின் வீட்டு வாசலில் வெளிப்படும். விலையைக் குறைத்து வைத்த அதே கை, சோதனையையும் குறைத்தது. இது நிறுவனர் காலத்திலேயே விழுந்த விதை.

மின் உறுப்புகள் பற்றிய பழியும் இங்கே நினைக்கத்தக்கது. பர்மிங்ஹாம் நகரின் லூக்காஸ் நிறுவனமே பெரும்பாலான பிரிட்டிஷ் மகிழுந்துகளுக்கு விளக்கு, மின்னாக்கி, பொத்தான் முதலியவற்றை வழங்கியது. திடீரென்று விளக்கு அணைந்து வழியில் தவித்தோர் அந்நிறுவனர்க்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டம் சூட்டி நகைத்தனர். அந்நகைப்பில் உண்மை இருந்தது. ஆயினும், மகிழுந்து நிறுவனங்கள் உறுப்புகளின் விலையை ஒவ்வொரு காசாகக் குறைத்து வாங்கின என்பதையும் மறத்தல் ஆகாது. மலிவாகக் கேட்டவருக்கும் மலிவாகச் செய்து கொடுத்தவருக்கும் குற்றத்தில் பங்கு உண்டு.

பொறுப்புச் சிதறிய காலம்

விதை மரமாக வளர்ந்தது 1968-க்குப் பின்னர்தான். 1955-இல் லயன்ஸின் ஒரே மகன் ஜான், லெ மான் போட்டிக்குச் செல்லும் வழியில் சாலை விபத்தில் இறந்தார். தொழிலை ஏற்று நடத்த வாரிசு இல்லை. 1965-இல், ஜாகுவாருக்கு உடற்கூடு வழங்கிவந்த பிரெஸ்டு ஸ்டீல் நிறுவனத்தை பி.எம்.சி. என்னும் பெரிய மகிழுந்து நிறுவனம் வாங்கிக்கொண்டது. தம் வண்டியின் உடல் பிறர் கைக்குப் போனபின் தனித்து நிற்பது அரிது என்று கண்ட லயன்ஸ், 1966-இல் பி.எம்.சி.யோடு இணைந்தார். 1968-இல் அவ்விணைப்பு மேலும் விரிந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் பேரமைப்பு ஆயிற்று.

அதே 1968-ஆம் ஆண்டில் எக்ஸ்.ஜே.6 வெளிவந்தது. ஓசையின்மையிலும் மென்மையான ஓட்டத்திலும் அதற்கு இணையான வண்டி அன்று அரிது. வாங்கக் காத்திருந்தோர் வரிசை நீண்டது. அது நிறுவனத்துக்குப் பொற்காலமாக அமைந்திருக்க வேண்டும். ஆனால் 1972-இல் லயன்ஸ் ஓய்வு பெற்றார். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பேரமைப்பு கடனில் மூழ்கி 1975-இல் நாட்டுடைமை ஆயிற்று. ரைடர் பிரபுவின் அறிக்கைப்படி, லேலண்டின் மகிழுந்துத் தொழில் முழுவதும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஜாகுவாரின் தனி நிருவாகக் குழு மறைந்தது. அதன் மேலாண்மை இயக்குநர் ஜெஃப்ரி ராபின்சன் பதவி விலகினார். பாப் நைட் முதலிய பொறியாளர்கள் ஜாகுவாரின் பொறியியல் பிரிவையேனும் தனித்துக் காக்கப் பெரிதும் போராட வேண்டியிருந்தது.

இதன் விளைவு யாது? உடற்கூடு செய்து வண்ணம் பூசுவது காசில் பிராம்விச் தொழிற்சாலை. அது ஜாகுவாரின் ஆட்சிக்கு உட்படாதது. இயந்திரம் செய்வது ரேட்ஃபோர்டு. உறுப்புகளைப் பூட்டி முழுமை ஆக்குவது பிரவுன்ஸ் லேன். 1979-இல் எக்ஸ்.ஜே. வண்டியின் மூன்றாம் வரிசை வெளிவந்தபோது வண்ணப்பூச்சு சரிவர அமையவில்லை. சில நிறங்களைத் தவிரப் பிற நிறங்களில் வண்டியைத் தர இயலாத நிலை ஏற்பட்டது. வண்ணம் உரிந்தால் பூசியவரைக் கைகாட்டினர். விளக்கு எரியாவிட்டால் வழங்கியவரைக் கைகாட்டினர். உற்பத்தி நின்றால் வேலைநிறுத்தத்தைக் கைகாட்டினர். முழு வண்டிக்கு "இது என் பொறுப்பு" என்று சொல்ல ஆள் இல்லை.

இக்காலத்துத் தொழிலாளரைச் சோம்பர் என்று பழிக்கும் வழக்கம் உண்டு. வேலைநிறுத்தங்கள் மிகுதி என்பதும் உண்மையே. எனினும், முன்னர் லெ மான் போட்டியில் வென்ற வண்டிகளைச் செய்தவரும் கவெண்ட்ரித் தொழிலாளரே. பத்து ஆண்டுகளில் அவ்வூர் மக்களின் கைத்திறன் அழிந்துவிடுமா? அழிந்தது திறன் அன்று. தாம் செய்யும் பொருள் தம்முடையது என்னும் உணர்வே அழிந்தது.

ஏறத்தாழ 150 குறைகள்

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜான் ஈகன் ஜாகுவாரின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் வந்த வேளையில் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டின் உற்பத்தி ஏறத்தாழ 14,000 வண்டிகளே. அமெரிக்காவில் விற்றவை ஏறத்தாழ 3,000. நிறுவனத்தை மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. மூடியிருந்தால் கவெண்ட்ரியிலும் அதனைச் சுற்றிலும் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைப்பை இழந்திருக்கும்.

ஈகன் முதலில் விளம்பரத்தை நாடவில்லை. ஜாகுவார் வாங்கியோரைத் தொலைபேசியில் அழைத்து அவர்தம் குறைகளைக் கேட்கச் செய்தார். பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் வண்டிகளை வாங்கியோரிடமும் அவ்வாறே கேட்டு ஒப்பிட்டார். ஏறத்தாழ 150 குறைகள் பட்டியலிடப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 60 விழுக்காடு, வெளியாரிடம் வாங்கிய உறுப்புகளால் வந்தவை எனத் தெரிந்தது.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு குழு அமைக்கப்பட்டது. பெரிய குறைகளுக்குரிய குழுக்களை உயர் அலுவலர்களே தலைமை தாங்கி நடத்தினர். உறுப்பு வழங்குவோரை அழைத்து, அவர்கள் அனுப்பிய பழுதான பொருள்களை அவர்தம் கண்முன் வைத்தனர். பழுது குறித்த அளவைத் தாண்டினால், அதனை மாற்றும் செலவையும் வழங்கியவரே ஏற்கவேண்டும் என்று ஒப்பந்தம் செய்தனர். சப்பானியத் தொழிற்சாலைகளில் வழங்கிய தரவட்ட முறையைப் பின்பற்றித் தொழிலாளரும் கூடிப் பேசிக் குறை களைந்தனர். காசில் பிராம்விச் தொழிற்சாலை ஜாகுவாரின் ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்டது.

பயன் விரைவில் தெரிந்தது. 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜாகுவார் மீண்டும் தனியார் நிறுவனம் ஆயிற்று. அதன் பங்குகளைக் கேட்டோர் தொகை, இருந்த பங்குகளைப் போல் பன்மடங்கு. 1986-இல் அமெரிக்காவில் விற்ற வண்டிகள் 24,000-ஐத் தாண்டின. அமெரிக்க டாலரின் மதிப்பு அந்நாளில் உயர்ந்திருந்தமையும் இவ்வெற்றிக்குத் துணைசெய்தது என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 1985-இல் மறைந்த லயன்ஸ், தாம் வளர்த்த நிறுவனம் மீண்டும் தலைநிமிர்ந்ததைக் கண்ட பின்னரே கண் மூடினார்.

வண்டியின் வடிவம் பெரிதும் மாறவில்லை. இயந்திரமும் பழையதே. ஊரும் ஆள்களும் அவர்களே. மாறியது பொறுப்பின் ஒழுங்கு ஒன்றே.

முதலிடமும் மாறாத பேச்சும்

இத்துடன் கதை இனிதே முடிந்துவிடவில்லை. 1986-இல் வந்த எக்ஸ்.ஜே.40 என்னும் புதிய வண்டியின் மின்னணுக் கருவிகள் தொடக்க ஆண்டுகளில் தொல்லை தந்தன. டாலர் மதிப்பு வீழ்ந்தபோது வருவாயும் வீழ்ந்தது. 1989-இல் ஃபோர்டு நிறுவனம் ஏறத்தாழ 160 கோடி பவுனுக்கு ஜாகுவாரை வாங்கியது. ஃபோர்டின் சார்பில் தலைமை ஏற்ற பில் ஹேடன், தாம் கண்ட தொழிற்சாலைகளுள் சோவியத்து நாட்டின் கார்க்கி நகரில் கண்டவற்றை நீக்கினால் இதுவே மிக மோசமானது என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறினார். அவருக்குப் பின் 1992-இல் வந்த நிக் ஷீல் காலத்தில் சீர்திருத்தம் மெல்ல வேரூன்றியது.

1996-இல் வந்த எட்டு உருளை இயந்திரத்திலும் ஒரு குறை நேர்ந்தது. உருளைகளின் உட்புறத்தில் பூசிய நிக்கசில் என்னும் பூச்சு, கந்தகம் மிகுந்த எரிபொருளால் தேய்ந்தது. 2000-ஆம் ஆண்டில் எஃகு உறைகள் இட்டு அது திருத்தப்பட்டது. கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே பூச்சைப் பயன்படுத்திய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் இயந்திரங்களும் அதே வகையில் பழுதுற்றன. ஆனால் பி.எம்.டபிள்யூ.வின் பழுதை மக்கள் ஒரு விபத்தாகக் கருதினர். ஜாகுவாரின் பழுதையோ அதன் இயல்பாகக் கருதினர். கெட்ட பெயரின் வலிமை அத்தகையது.

2009-ஆம் ஆண்டில் வியப்பான செய்தி ஒன்று வந்தது. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், மூன்றாண்டு ஓடிய வண்டிகளின் உரிமையாளரைக் கேட்டு ஆண்டுதோறும் நம்பகத் தரவரிசை வெளியிடுகின்றது. அதில் 14 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் வகித்தது சப்பானின் லெக்சஸ். அவ்வாண்டில் லெக்சஸைப் பின்தள்ளி, பியூக் வண்டியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது ஜாகுவார்! நூறு வண்டிகளுக்கு 122 குறைகள் என்பது அதன் கணக்கு.

இக்கணக்கையும் கண்மூடி ஏற்றல் கூடாது. அம்முறையில் சிறு குறையும் பெருங்குறையும் ஒன்றென எண்ணப்படுகின்றன. அடுத்த ஆண்டே முதலிடம் வேறொரு நிறுவனத்துக்குச் சென்றது. எனினும், பட்டறை வாசலிலேயே நிற்கும் வண்டி என்ற பேச்சு அவ்வண்டிகளைப் பொறுத்தவரை பொய் என்பதற்கு இக்கணக்கு போதும்.

இதில் ஒரு துயரமும் அடங்கியுள்ளது. முதலிடம் பெற்ற அவ்வண்டிகள் 2006-ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்தவை. அவை உருவான காலத்தையொட்டி, 2005-இல்தான் பிரவுன்ஸ் லேனில் மகிழுந்து உற்பத்தி நிறுத்தப்பட்டது. தரம் உச்சியை எட்டிய வேளையில் வாங்குவோர் போதவில்லை. தந்தையர் காலத்துக் குறைக்கு மக்கள் காலத்துத் தொழிலாளர் விலை கொடுத்தனர். விற்பனைச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பழைய பேச்சுக்கும் அதில் பங்கில்லை என்று எவரும் கூற இயலாது.

தீர்ப்பு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். ஜாகுவார் நம்பத்தகாதது என்னும் பெயர் முற்றிலும் கட்டுக்கதை அன்று. 1960-களில் அதற்குக் காரணம் ஓரளவு இருந்தது. 1968 முதல் 1980 வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகளில் அப்பெயர் அதற்கு முற்றிலும் தகும். அதன்பின் குறைகள் நேர்ந்ததுண்டு. பிற நிறுவனங்களுக்கும் அவை நேர்ந்தன. அப்பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட தீர்ப்பை முன்னும் பின்னும் உள்ள எல்லா ஆண்டுகளுக்கும் நீட்டியது மக்களின் நினைவு.

அந்நினைவு நீடிப்பதற்கு வண்டியின் அழகே ஒரு காரணம். அழகற்ற பழைய வண்டி உடைக்கப்பட்டு மறைந்துபோகும். அதன் குறையும் மறக்கப்படும். அழகிய வண்டியை மனிதர் விட மனமின்றி, மூன்றாம் கை நான்காம் கை மாறியும் வைத்திருப்பர். முதுமையில் பேணுவாரின்றி அது சாலையோரம் நிற்கும்போது, காண்போர் முதுமையைப் பழிக்காமல் பெயரைப் பழிப்பர்.

2008-இல் இந்தியாவின் டாடா குழுமம் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் ஏறத்தாழ 230 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-இல் வெளிவந்த ஐ-பேஸ் என்னும் மின்மகிழுந்து அடுத்த ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த மகிழுந்து என்ற விருதைப் பெற்றது. ஆனால் மின்கலம் தீப்பற்றக்கூடும் என்னும் அச்சத்தால், அமெரிக்காவில் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அவ்வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அக்கலங்களும் வெளியாரிடம் வாங்கியவையே. அதே நிறுவனத்தின் கலங்களால் அமெரிக்காவின் செவர்லே போல்ட் வண்டிகளும் முன்னரே திரும்ப அழைக்கப்பட்டிருந்தன. லூக்காஸ் விளக்கின் பழைய பாடம் புதிய உருவில் மீண்டும் வந்தது எனலாம்: உறுப்பைச் செய்தவர் எவராயினும், அதன்மேல் தம் பெயரைப் பொறித்தவரே உலகுக்கு விடை சொல்ல வேண்டும்.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டத்துப் பணப்பாக்கத்தில் டாடா குழுமத்தின் புதிய மகிழுந்துத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளையும் அங்குச் செய்வது அன்றைய திட்டம். கவெண்ட்ரியில் தொடங்கிய இக்கதையின் ஓர் இயல் இவ்வாறு தமிழ் மண்ணுக்கும் வந்து சேர்ந்துள்ளது. அங்குப் பணிபுரியப்போகும் இளைஞர்க்கு, லயன்ஸின் கண்ணும் ஹெய்ன்ஸின் அறிவும் எவ்வளவு தேவையோ, ஈகனின் பட்டியலும் அவ்வளவு தேவை.

வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கூறும் ஆசிரியர் இரண்டு செய்திகளை மாணவர் உள்ளத்தில் பதிக்கலாம். ஒன்று, ஒரு பெயரைப் பற்றி ஊர் சொல்வதைக் கேட்கும்போது "எந்த ஆண்டில்?" என்று வினவும் பழக்கம். மற்றொன்று, பலர் கூடிச் செய்யும் பணியில் தம் பங்கை மட்டும் முடித்துக் கைகழுவாமல், முழுப் பொருளும் நலமுடன் வெளிச்செல்கின்றதா என்று நோக்கும் பழக்கம். முதற்பழக்கம் இருந்திருப்பின் ஜாகுவாரின் பழி 1980-க்குப் பின் இத்துணைக் காலம் நின்றிராது. இரண்டாம் பழக்கம் இருந்திருப்பின் அப்பழி பிறந்தே இராது.